பத்து வீதம்

முதலில் சவ்வரிசி என்றுதான் நினைத்தேன்.
பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில்
தேன் நிறத்தில், கடுகிலும் சின்ன மணிகள்.
விரலால் அழுத்தினால் நொறுங்கின.
"அம்மா, பைப் முட்டை போட்டிருக்கு" என்றாள் ஆரணி.

மெசினின் வயிறு பழுதாகிவிட்டதை
அடுத்த நாள் பருப்பு சொன்னது.
ஒரு மணித்தியாலம் கொதித்தும்
பருப்பு பருப்பாகவே கிடந்தது.
தேத்தண்ணியின் மேல் ஆடை.
சவர்க்காரம் நுரைக்காமல் தயிராகத் திரைந்தது.
கேத்திலின் அடியில் மறுபடியும்
முழங்காவில்.

சுண்ணக்கல்லின் மேல் இருக்கிற ஊர்.
குழாய்க்கிணறு அடித்தவன் கையை உதறிக்கொண்டு
"தண்ணி நல்லம், கொஞ்சம் கல்லு" என்றான்.
கொஞ்சம்.
அதில் மூன்று ஹீற்றர் கம்பி போயிருக்கிறது.

றெசின் என்றால் இவ்வளவுதான்:
ஒவ்வொரு மணியும் கையில் உப்போடு நிற்கும்.
சுண்ணாம்பு வந்தால் உப்பை விட்டுவிட்டு
அதைப் பிடித்துக்கொள்ளும்.
கை நிறைந்ததும் நாங்கள் உப்புநீர் ஊற்றி
விடு என்போம். விடும்.
பத்து வருடம் இப்படி விட்டுப் பிடிக்கும் என்று
பெட்டியில் எழுதியிருந்தது.
ஆறாம் வருடம் நொறுங்கிவிட்டது.

கமலரூபன் எட்டு வீதம் போதும் என்றார்.
பிரம்ரனில் இருந்து அண்ணா
ஏழு நிமிடக் குரற்பதிவு அனுப்பினான்,
ஏரித்தண்ணி குடிக்கிறவன்,
முழு மெசினையும் மாற்றட்டாம்.

கிளிநொச்சியில் நிக்சனின் கடையில் மூன்று மூட்டை.
ஒன்றில் எட்டு என்று, ஒன்றில் பத்து என்று.
மூன்றாவதில் ஒரு தாமரை மட்டும்.
"எல்லாம் ஒண்டுதான் அக்கா, விலைதான் வேற."

சோடாப் போத்தலில் கொண்டுபோன தண்ணியை
மேசையில் வைத்தேன்.
தாளைத் தோய்த்து அட்டையோடு பிடித்துப் பார்த்தான்.
"இதுக்கு மேல அட்டையில நிறம் இல்லை."
மாத்திரை உறையில் சுற்றியிருந்த உடைந்த மணிகளை
உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்துக்குப் போய் நின்றான்.
"குளோரின் போடுறனிங்களோ?"

மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு
பி.எச்.ஐ. வந்து ஒருதரம் போட்டவர்.
பிறகு நான் போட்டேன்.
பயத்தில், மாதா மாதம்,
சொன்னதைவிட ஒரு பிடி கூட.
கல்லுத்தான் தின்றது என்று
வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எட்டு வீதத்தில் மணிக்குள் பின்னல் தளர்வாம்.
பத்தில் இறுக்கமாம், குளோரினைக் கொஞ்சம் தாங்குமாம்,
விலை ஒன்றரை மடங்காம்.
தாமரையைப் பற்றிக் கேட்டேன்.
"அது... அது அங்கால இருக்கட்டும்."
எங்கள் மெசினுக்கு இருபத்தெட்டு லீற்றர்,
மூட்டையிலோ இருபத்தைந்து.
மிச்ச மூன்றையும் உடைத்த மூட்டையில் இருந்து
ஐஸ்கிறீம் பெட்டியால் அளந்து தந்தான்,
கடைசிப் பெட்டியைத் தட்டி நிரவாமல்.

பஸ்ஸில் கொண்டக்டர் மூட்டையைக் காலால் தொட்டு
"உதென்ன, மீன் சினையோ?" என்றான்.
அரை ரிக்கற் எடுத்தேன் அதற்கு.

ஞாயிறு முழுக்க முற்றம் நனைந்தது.
பழைய மணிகளைச் சாக்கில் கட்டி,
புதியதைப் புனலில் இறக்கி,
ஆனையிறவு உப்பு கரைத்து ஊற்றினோம்.
முதல் மூன்று வாளி தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
நாலாவதில் ஆரணி கை கழுவினாள்,
"வழுக்குது, போகுதேயில்லை" என்று
திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அன்றிரவு பருப்பு இருபது நிமிடத்தில் மசிந்தது.

ஆனால் குடிக்கிற பைப்பை மட்டும்
மெசினுக்கு முன்னால் இருந்தே இழுத்தோம்.
கமலரூபனுக்குப் பிரஷர், உப்பைக் குறைக்கச் சொன்ன டொக்டர்
கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
யன்னல் கட்டில் அவருடைய கிளாஸ் காய்கிறது,
விளிம்பில் வெள்ளை வளையத்தோடு.

குளோரின் பக்கற்றில் திகதி எழுதி
எட்டாத தட்டில் வைத்திருக்கிறேன்,
எனக்கும் எட்டாத தட்டில்.
ஜாம் போத்தலுக்குள் பழைய மணிகள்.
இன்னும் ஒன்றும் பொரிக்கவில்லை என்று
பள்ளிக்கூடம் போகமுதல் ஆரணி பார்த்துவிட்டுப் போகிறாள்.